தானாக விழாத வண்டி

சுமித்ராவுக்குச் சென்னையில் கிடைத்த வேலை, இல்லாத காற்றை வீச வைப்பது. ஒரு செய்தித் தொலைக்காட்சியின் கிராஃபிக்ஸ் அறையில் உட்கார்ந்திருந்தாள். தேர்தல் வந்தால் செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் கட்சிக் கொடிகள் படபடக்கும். புயல் வந்தால் திரையில் தென்னை மரங்கள் வளைந்து முறியும். தீபாவளிக்குப் புஸ்வாணம் பொறி கக்கும். எல்லாம் அவள் கைவேலை.

வெளியே இருப்பவர்கள், யாரோ ஒவ்வொரு படமாக வரைகிறார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. கம்ப்யூட்டருக்குள் ஒரு பொருளைச் செய்து, எடை இவ்வளவு, வழுக்கல் இவ்வளவு என்று சொல்லிக் கையை விட்டுவிட்டால் அது தானே விழும், உருளும், மோதும். பூமி இழுப்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், அது தன் இஷ்டத்துக்கு விழும். கொடி இடது பக்கம் பறக்க வேண்டும் என்று மேலே இருப்பவர் சொன்னால் கொடிக்கு அது தெரியுமா? அதற்குத்தான் ஃபோர்ஸ் ஃபீல்ட். வெறும் வெளியில் ஒரு புள்ளியை வைத்து அதற்கு ஒரு எண்ணைக் கொடுத்தால், சுற்றியிருக்கும் பொருளையெல்லாம் அது தள்ளும். ஒரு வகை காற்றாக ஊதும், ஒரு வகை சுழியாகச் சுற்றும், ஒரு வகை காந்தம் மாதிரி இழுக்கும். எத்தனை வைத்தாலும் கடைசிப் படத்தில் அந்தப் புள்ளிகள் தெரியாது. தள்ளப்பட்ட பொருள் மட்டும்தான் தெரியும். பார்ப்பவர்கள் அது தானாகப் போனதாக நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைக்க வைத்தால்தான் வேலை தெரிந்தவள் என்று பெயர். சுமித்ராவுக்கு அந்தப் பெயர் இருந்தது.

அவள் அப்பா அண்ணாமலைக்கு கொல்லிமலை அரியூர் நாட்டில் சரிவில் கொஞ்சம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, பள்ளத்தில் நெல், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. அம்மா பாவாயி. ஒரே பெண். செம்மேட்டில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்தாள். சேலத்துக் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் சேர்க்கப் போனபோது அண்ணாமலை, "இது டிவி ரிப்பேர் பண்ற படிப்புங்களா?" என்று சேர்க்கை அறையில் இருந்தவரைக் கேட்டார். அவர் சிரிக்காமல், "கிட்டத்தட்ட" என்றார்.

சேலத்துக்கு அவளையும் பெட்டியையும் கொண்டுபோய் விட்டது தனபால். முறைக்கு மாமன். பிக்கப் வண்டி ஓட்டுகிறவர். கிழங்கு மூட்டைகளின் மேல் பெட்டியைக் கட்டிவிட்டு அவளைக் கேபினில் உட்காரவைத்து மலை இறங்கினார். எதிரே ஒரு நாய்கூட இல்லாத வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்புவார். அவர் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பஸ் டிரைவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "தனபாலு வண்டியில ஏத்துனா கெழங்கு வழியிலயே மொளைச்சிரும்" என்று ஊரில் கேலி. அவரும் சேர்ந்து சிரிப்பார். "மொளைச்சா என்னுங், அப்படியே நட்டுட்டுப் போலாம்."

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு புயலுக்கு அவள் செய்த தென்னந்தோப்பு எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. சேனல் அதை நாளெல்லாம் ஓட்டியது. சோளக்காடு கிராமத்து டீக்கடையில் அண்ணாமலை டிவியைக் காட்டி, "அந்தக் காத்து எம்புள்ளை போட்டதுங்க" என்றார். அதிலிருந்து மலையில் அவள் பெயரே "டிவிக்காரப் புள்ளை" ஆயிற்று.

அந்த வருடம் ஐப்பசியில் மலையில் விடாத மழை. மழை சற்று ஓய்ந்த ஒரு பகலில் தனபாலின் வண்டி கிழங்கு லோடோடு ஜவ்வரிசி ஆலைக்கு இறங்கியது. கேபினில் அவரும், லோடு ஏற்றும் சின்னுசாமியும். மூட்டைகளின் மேல், பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போகிற இரண்டு பெண்கள். பாதி மலை இறங்கிய இடத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி, தடுப்புச்சுவரோடு சேர்ந்து பள்ளத்தில் போய்விட்டது. தனபாலும் அந்தப் பெண்களும் இறந்தார்கள். சின்னுசாமி இடுப்பெலும்பு முறிந்து, ஒரு மரத்தில் தங்கிப் பிழைத்தார்.

மத்தியானம் தனசேகரன் சுமித்ராவின் மேஜைக்கு வந்தார். செய்திப் பிரிவில் அவர் வைத்ததுதான் சட்டம். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அவளுக்கு டைபாய்டு வந்தபோது விடுதிக்குக் கஞ்சி கொடுத்தனுப்பியவர். அடுத்த சேனல் முந்திவிடுமோ என்ற பயம் மட்டும் அவரைத் தூங்கவிடாது.

"சுமி, கொல்லிமலை உன் ஊர்தானே? ஒரு பிக்கப் பள்ளத்துல போயிடுச்சு. மூணு பேரு அவுட். உனக்கு அந்த ரோடு தெரியும். எப்படி விழுந்துச்சுன்னு நீயே பண்ணிடு. ஏழு மணி நியூசுக்கு வேணும்."

"யாரு வண்டி சார்?"

அவர் போனைப் பார்த்தார். "தனபால்னு ஒருத்தன்."

அவள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் வீட்டுக்குப் பேசினாள். பாவாயியால் பேச முடியவில்லை. "போயிட்டாஞ்சாமி... தனபாலு போயிட்டான்" என்று அதையே சொன்னாள். அண்ணாமலை போனை வாங்கினார்.

"எப்படிங்கப்பா ஆச்சு?"

"மேல ஏறி வந்த டூரிஸ்ட் காருக்கு ஒதுங்கி ஓரமா நிறுத்தியிருக்கறான். சின்னுசாமி நெனப்போட இருக்கறப்பவே சொல்லிட்டான். நின்ன வண்டிதான். மழையில அடிமண்ணு அரிச்சுப்போயி, சுவரு அப்படியே உக்காந்துருச்சு. வண்டியும் கூடவே போயிருச்சு."

"அந்தக் கார்க்காரங்க?"

"அவிய பாட்டுக்குப் போயிட்டாங்க. ஆருன்னே தெரியல."

அவள் திரும்பி வந்து தனசேகரனிடம் இதைச் சொன்னாள். இறந்தவர் உறவு, லீவு வேண்டும் என்றும் சொன்னாள். அவர் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"ஐயோ, சாரிம்மா. இதை முடிச்சுக் கொடுத்துட்டு உடனே கிளம்பு. டிக்கெட் நான் போடச் சொல்றேன். வேற யாருக்கும் இது வராது."

"ஆனா சார், வண்டி நின்னுட்டு இருந்திருக்கு. சுவர்தான்..."

"யார் சொன்னது?"

"அப்பா."

"அப்பா பார்த்தாரா? நம்ம ரிப்போர்ட்டர், போலீஸ்ல பேசிட்டான். அதிவேகம்னுதான் சொல்றாங்க. ஓவர்லோடு, அதிவேகம். நீ அதை வச்சுப் பண்ணு."

அவள் வளைவைக் கட்டினாள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ஈரத் தார் ரோடு, இடுப்புயரச் சுவர். கண்ணை மூடினாலும் தெரிகிற ரோடு, அதனால் சீக்கிரம் முடிந்தது. மென்பொருளோடு வந்த ஒரு வண்டியை எடுத்துப் பச்சைக் கலர் அடித்தாள். கிழங்கு மூட்டைகளின் எடையைக் கொடுத்தாள். அதற்கு அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வேகத்தை ஏற்றி ஓடவிட்டாள்.

வண்டி விழவில்லை. சுவரில் மோதி, திரும்பி, ரோட்டிலேயே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. சுவரைப் பலமில்லாமல் ஆக்கினாள். சுவர் பாதி உடைந்தது, வண்டி அதன் மேல் ஏறி நின்றுகொண்டது. வேகத்தை இன்னும் ஏற்றினாள். இப்போது வளைவு வருவதற்கு முன்னாலேயே குடைசாய்ந்தது.

பிறகு யாரும் கேட்காததை ஒருமுறை செய்து பார்த்தாள். வண்டியை ஓரமாக நிறுத்தினாள். வேகம் எதுவும் கொடுக்கவில்லை. சுவருக்கு அடியில் இருந்த மண்ணை மட்டும் இளகவைத்துக் கையை விட்டாள். சுவர் முழங்கால் மடிந்த மாதிரி உட்கார்ந்தது. வண்டியின் பின்சக்கரம் இறங்கியது. பிறகு எல்லாம் மெதுவாகக் கீழே போயிற்று. எதுவும் தள்ளவில்லை.

தனசேகரனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"நின்ன வண்டி சரிஞ்சு விழறதை யாரு பார்ப்பா?" என்றார் அவர். "அதுவும் சுவர்னு காட்டினா, யாரு கட்டினது, எப்ப கட்டினதுன்னு கேட்பான். பேப்பர் இருக்கா நம்ம கையில? போலீஸ் சொன்னதைப் போடு."

"போலீஸ் சொன்ன மாதிரி விட்டா அது விழ மாட்டேங்குது சார்."

"விழலைன்னா தள்ளு. ஒரு ஃபோர்ஸ் போடு. நான் உனக்குச் சொல்லித் தரணுமா?"

அவள் மறுத்திருக்கலாம். ஐந்து நிமிடம் அழுதுவிட்டு எழுந்து போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் வேறொருவன் அரைகுறையாகச் செய்திருப்பான், அதைப் பார்த்து யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். அவள் போகவில்லை. வளைவின் உள்பக்கம், பாறைக்கு முன்னால், வெறும் வெளியில் ஒரு புள்ளியை வைத்தாள். எண்ணைக் கொடுத்தாள். வண்டி ஓடிவந்து, காகிதம் மாதிரி எழும்பி, சுவருக்கு மேல் பறந்தது.

அங்கேயே நிறுத்தியிருந்தாலும் ஒருவகை. கிழங்குகள் ஒரே குவியலாக விழுவது பார்க்க நன்றாக இல்லை. பள்ளத்தின் மேல் ஒரு சுழியை வைத்தாள். கிழங்குகள் வண்டியைச் சுற்றி வட்டமாகச் சிதறின. சற்று வேகம் அதிகம் என்று குறைத்தாள். ஒரு மூட்டை கேமராவுக்கு நேராக வந்து பிரிகிற மாதிரி இன்னொரு புள்ளியை வைத்தாள். அது திருப்தியாக வந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள், எப்போதும் ஆட்டுகிற மாதிரி. அந்த வண்டி யாருடையது என்பது அந்த அரைமணி நேரம் அவள் நினைவில் இல்லை. தன்னை மன்னிக்க முடியாமல் போனது இதற்காகத்தான், தள்ளியதற்காகக்கூட இல்லை என்று அவள் பின்னால் சொன்னாள்.

ஏழு மணிக்கு ஓடியது. மூலையில் சின்ன எழுத்தில் "சித்திரிப்பு" என்று போட்டிருந்தார்கள். செய்தி வாசித்த பெண், "அசுர வேகம்" என்ற சொல்லை நாலு தடவை சொன்னாள். எட்டு மணிக்குள் அது எல்லார் போனிலும் வந்துவிட்டது. யாரோ மூலையில் இருந்த எழுத்தை வெட்டியிருந்தார்கள்.

மறுநாள் காலை அவள் மலை அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ்ஸுக்கு நின்றபோது, டீக்கடை பெஞ்சில் இருவர் ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னா வேகம் பாருங்க. பறக்கறானே."

"பொம்பளைங்களை வேற ஏத்திக்கிட்டு. தண்ணி போட்டிருப்பான்."

"போடாம இப்படி ஓட்ட முடியுமா?"

தனபால் குடிக்கிறவர் இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். பஸ் வந்துவிட்டது.

மேலே ஏறும்போது பஸ் அந்த வளைவில் ஊர்ந்தது. சுவர் இருந்த இடத்தில் டிரம் வைத்துக் கயிறு கட்டியிருந்தார்கள். எல்லாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். சுவர் ஒரு வண்டி நீளத்துக்குக் காணவில்லை. உடைந்த கல் ஒன்றுகூட ரோட்டில் இல்லை. விளிம்பில் புது மண் சிவப்பாகத் தெரிந்தது. ரோட்டில் சக்கரம் தேய்த்த தடம் இல்லை. பக்கத்தில் இருந்தவர், "எங்க இருந்து பறந்திருக்கும்?" என்று அவளையே கேட்டார்.

தனபாலின் மனைவி அத்தாயி வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அடக்கம் முடிந்திருந்தது. சுமித்ராவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

"உன்னை எத்தனை தடவை கூட்டிட்டுப் போயிருக்கறாரு கண்ணு. அந்த ஆளு வேகமா ஓட்டுவாரா? நீயே சொல்லு."

"இல்லீங்கக்கா."

"டிவியில என்னமோ காட்டறாங்களாம். பொன்னம்மா மவன் போனைக் கொண்டாந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டறான். 'எங்கம்மாளை எப்படிக் கொன்னிருக்கறான் பாரு'ங்கறான்." பொன்னம்மாள், மூட்டை மேல் உட்கார்ந்து போன பெண்களில் ஒருத்தி. "நீ டிவியிலதானே இருக்கற? அது ஆரு போட்டது?"

பாவாயி பக்கத்தில்தான் இருந்தாள். அண்ணாமலை வாசலில் நின்றார். இருவரும் அவளைப் பார்க்கவில்லை.

"ஆபீசுல போடறதுங்கக்கா" என்றாள் சுமித்ரா.

வீட்டுக்கு வந்ததும் அண்ணாமலை கேட்டார். "நீயா?"

"ஆமாங்கப்பா."

"நாஞ்சொன்னனே, நின்ன வண்டின்னு."

"சொன்னேன். அவங்க கேக்கலை."

அவர் மிளகுக்கொடி பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். மழை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது.

சென்னைக்குத் திரும்பியதும் சுமித்ரா அந்த இன்னொரு படத்தை ஒழுங்காகச் செய்தாள். நின்ற வண்டி, இளகும் மண், உட்காரும் சுவர். காற்று, சுழி, புள்ளி எதுவும் வைக்கவில்லை. தனசேகரனிடம் கொடுத்தாள். அவர் முழுவதும் பார்த்தார்.

"நல்லா இருக்கு. ஆனா அந்தச் செய்தி முடிஞ்சு போச்சு சுமி. இப்ப இதை எதுக்குன்னு போடறது?"

"அன்னைக்குப் போட்டது தப்புன்னு."

"சித்திரிப்புன்னு எழுதியிருந்தோமே. தப்புன்னு எங்க வந்துச்சு?"

அவளே இணையத்தில் ஏற்றினாள். அதைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். கீழே ஒருவர், "சொந்தக்காரர்கள் போல, முட்டுக் கொடுக்கிறார்கள்" என்று எழுதினார். இன்னொருவர், "முதல் வீடியோவில் இருந்த தத்ரூபம் இதில் இல்லை" என்று எழுதியிருந்தார். பழைய படம் அப்போதும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. வேறு மாநிலத்து விபத்துக்கெல்லாம் அதையே போட்டார்கள்.

விசாரணை அதிகாரியிடம் போனாள். சொல்வதைப் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க ஸ்பாட்ல இருந்தீங்களாம்மா?"

"இல்லைங்க சார்."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

"எங்க அப்பா... சின்னுசாமி சொன்னதா... அப்புறம், நான் அதைச் செஞ்சு பார்த்தேன் சார். வேகமா வந்தா அது விழாது. தள்ளினாத்தான் விழும்."

"கம்ப்யூட்டர்லயா?"

"ஆமாங்க."

"கார்ட்டூன் சாட்சி ஆகாதும்மா" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருடைய மேஜை மேல் இருந்த போனில்கூட அந்தப் பழைய படம் இருந்திருக்கும். "சின்னுசாமி இருக்காரில்ல, அவர் சொல்லட்டும். நேர்ல பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்."

சின்னுசாமி நாமக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பல வாரம் அசையாமல் படுத்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் அவரிடம் அந்தப் படத்தைக் காட்டினார்கள். "இதுலதான் நீ இருந்தியா?" என்று கேட்டார்கள். வார்டு ஆயா முதல், பக்கத்துப் படுக்கைக்காரனைப் பார்க்க வந்தவர் வரை. அவருடைய போனிலும் யாரோ ஏற்றிவிட்டிருந்தார்கள். நேரம் போகாத மனிதர். பார்த்துக்கொண்டே இருந்தார்.

சுமித்ரா போனபோது நன்றாகத்தான் பேசினார்.

"மாமா, அன்னைக்கு வண்டி நின்னுதானே இருந்துச்சு? காருக்கு ஒதுங்கி?"

"கார் ஒண்ணு வந்துச்சு கண்ணு. ஆமா. ஒதுங்குனோம்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா வேகமாத்தான் வந்தமாட்டிருக்குது."

"நின்னுச்சுன்னு எங்கப்பாகிட்டச் சொன்னீங்களே."

"அப்ப நெனப்பே சரியில்ல சாமி. இப்பத்தான் ஒண்ணொண்ணா ஞாபகம் வருது." கையைத் தூக்கி மேலே காட்டினார். "தூக்கிருச்சு பாரு, அப்படியே பறந்துச்சு. கெழங்கெல்லாம் எங்களைச் சுத்திச் சுத்தி வருது. ஒரு மூட்டை என் மூஞ்சிக்கு நேரா வந்து பிரிஞ்சுது. இன்னும் கண்ணை மூடுனா அதுதான் தெரியுது."

கேபினுக்குள் உட்கார்ந்திருந்தவர் முகத்துக்கு நேராக எந்த மூட்டையும் வர முடியாது. மூட்டைகள் பின்னால் இருந்தன.

"மாமா, அது நான் பண்ணுனது. அந்த மூட்டையை நாந்தான் வச்சேன்."

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பெண்ணுக்குச் சோகத்தில் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். "நீ எங்க கண்ணு அங்க இருந்த? நாந்தானே இருந்தேன்" என்றார் மெதுவாக.

விசாரணையிலும் அதையே சொன்னார். பொய் சொல்லவில்லை. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். அதிவேகம், அளவுக்கு மீறிய பாரம், ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதி மூடினார்கள். முன்பு கட்டிய காண்ட்ராக்டரே மறுபடி சுவரைக் கட்டினான். அதில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்து, "வேகம் விபத்தில் முடியும்" என்று எழுதினார்கள்.

கடைசியாகச் சுமித்ரா அத்தாயியிடம் போனாள். உண்மையைச் சொன்னாள். முதல் படத்தைச் செய்தது தான் என்று சொன்னாள். பிறகு மடிக்கணினியைத் திறந்து இரண்டாவது படத்தைக் காட்டினாள். அத்தாயி வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். வண்டி மெதுவாகச் சரிந்தபோது அவள் கை தன்னையறியாமல் திரையைத் தாங்கப் போயிற்று.

முடிந்ததும் கேட்டாள். "இதையும் நீதானே போட்ட?"

"ஆமாங்கக்கா. ஆனா இதுதான் நெஜம்."

"அதை நம்பாதீங்கற. இதை நம்புங்கற. ரெண்டும் நீ போட்டதுதானே கண்ணு." திட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். "எதை வச்சு நான் நம்பட்டும்?"

ஒன்றில் புள்ளி வைத்தேன், ஒன்றில் வைக்கவில்லை என்று சொன்னால் விளங்கவா போகிறது? வைத்த புள்ளியைக் காட்டவும் முடியாது. காட்ட முடியாமல் இருப்பதுதானே அதன் வேலை. சுமித்ரா மடிக்கணினியை மூடிக்கொண்டு எழுந்தாள். அத்தாயி வாசல் வரை வந்தாள். "சாப்பிட்டுட்டுப் போ" என்று வாயளவில் சொன்னாள்.

மலையில் அவளை யாரும் ஏசவில்லை. டிவி ஓடுகிற இடத்துக்கு அவள் வந்தால் சத்தத்தைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். அண்ணாமலை சோளக்காட்டு டீக்கடையை விட்டுவிட்டார். டீயை வீட்டிலேயே குடிக்கிறார். பாவாயி மலை இறங்க வேண்டும் என்றால் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறாள். லோடு வண்டிக்காரர்கள் அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தபடி போய்விடுகிறார்கள். முன்பெல்லாம் கையைக் காட்டாமலேயே நிறுத்துவார்கள்.

சுமித்ரா சேனலை விட்டாள். தனசேகரன் ஒரு நல்ல சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அதில் அவளுடைய "யதார்த்தமான சித்திரிப்புத் திறனை"ப் புகழ்ந்திருந்தார். வேறு தொழில் தெரியாது. சேலத்தில், பல் டாக்டர்களுக்கு விளக்கப்படம் செய்து தரும் இடத்தில் இப்போது இருக்கிறாள். ஈறு, எலும்பு, அதில் மெதுவாகச் சுற்றி இறங்கும் திருகு. அங்கே எதுவும் விழாது. எதையும் தள்ள வேண்டியதில்லை. ஒருமுறை முதலாளி, ஒரு கிளினிக் விளம்பரத்துக்குப் பற்களைச் சுற்றிப் பூ விழுகிற மாதிரி கேட்டார். தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

அத்தாயி மலையை விட்டு இறங்கிவிட்டாள். இறந்த பெண்களின் வீட்டார் தண்ணீர்க் குழாயில்கூட அவளைச் சேரவிடவில்லை. காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு தறிப் பட்டறையில் நூல் சுற்றுகிறாள். போன தையில், பொங்கலுக்கு ஊருக்குப் போகச் சுமித்ரா அங்கே பஸ் மாறினாள். அத்தாயி கையில் சோற்றுத் தூக்குப்போசியோடு நின்றிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. அவளாகவே பக்கத்தில் வந்தாள்.

"ஊருக்கா கண்ணு?"

"ஆமாங்கக்கா. நீங்க வரலீங்களா?"

"நான் எங்க வாரது." மலையிலிருந்து கிழங்கு ஏற்றிய பிக்கப் ஒன்று இறங்கி வந்து, வளைவில் வேகம் குறையாமல் திரும்பிப் போயிற்று. அத்தாயி அதன் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படித்தான் பாரு" என்றாள். "எத்தனை சொன்னாலும் கேக்கறதில்ல. அந்த மனுசனும் அன்னைக்குக் கொஞ்சம் மெதுவாப் போயிருந்தா, எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா?"

சுமித்ரா வாயைத் திறந்தாள். நின்ற வண்டிதான் அக்கா என்று சொல்ல வேண்டும். அதை மறுபடி சொல்ல, கொல்லிமலை அடிவாரத்தில் அவளைவிடத் தகுதியில்லாத ஆள் யாரும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. வந்து நின்ற மலை பஸ்ஸின் கண்டக்டர் விசில் கொடுத்தார். அத்தாயி அவள் பையை எடுத்துக் கையில் கொடுத்து, "ஏறு, எடம் போயிரும்" என்றாள்.